ஜால்ரா வராத டிரான்ஸ்போர்ட்

நான் டிரான்ஸ்போர்ட் வாங்கப் போகிறேன் என்று மனைவி தன் அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டாள். அவர் எளாவூரில் லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் டிரான்ஸ்போர்ட் என்றால் லாரிதான், வேறு அர்த்தமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வீட்டில் வந்து நின்றார்.

“இன்னா மாப்ள, மில்லு வேலைய உட்டுட்டு டிரான்ஸ்போர்ட் எடுக்கப் போறீங்களாமே? டிரைவரு கெடைக்கிறதே பேஜாரா இருக்குது. எத்தினி வீலு வண்டி?”

“வீலு இல்ல மச்சான். சி.டி. சுத்தும். பாட்டு கேக்குற டிரான்ஸ்போர்ட்டு.”

“பாட்டு வண்டியா?”

“காதுல பஞ்சு வெச்சிக்கினு வந்தீங்களா?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பொறுமையாக விளக்கினேன். சி.டி. பிளேயர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தட்டைச் சுழற்றி அதில் இருப்பதைப் படிப்பது. மற்றொன்று, படித்ததை ஓசையாக்குவது. டிரான்ஸ்போர்ட் முதல் வேலையை மட்டும் செய்யும். ஓசையாக்க வேறொரு பெட்டி ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. மச்சான் தாடையைச் சொறிந்தார். “அப்ப லோடு ஏத்திக்கினு போயி எறக்கிட்டு வர்றதோட சரி. டிரான்ஸ்போர்ட்டுதான், இன்னா தப்பு?” என்றார். இதைவிடத் தெளிவாக எந்த விற்பனையாளரும் எனக்குச் சொன்னதில்லை.

மனைவிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை. இருக்கிற பிளேயருக்கு என்ன குறை என்று கத்தினாள். குறை இருந்தது. அவள் கல்யாணத்துக்கு முன்பு எளாவூர் சர்ச் பாடகர் குழுவில் ஜால்ரா அடித்தவள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தக் குழு சி.டி. போட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பிக்கு முன்னால் அதைத்தான் என் கையில் கொடுத்தார்கள். கோரஸுக்கு நடுவே கணீர் கணீரென்று ஜால்ரா. அடிப்பவள் யாரென்று தெரிந்ததும் வேறு எதையும் விசாரிக்காமல் சரி சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் எனக்கு ஜால்ரா அடிக்கவில்லை என்பது வேறு கதை.

அந்த ஜால்ரா கொஞ்ச காலமாக மங்கி, போன வருடம் அடியோடு நின்றுவிட்டது. பாட்டு வருகிறது, தபேலா வருகிறது, அவள் மட்டும் வரவில்லை. ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரை நகர்த்தினேன். கடைசியில் பிளேயரின் லென்ஸ்தான் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். நல்ல டிரான்ஸ்போர்ட் ஒன்று கிடைத்தால் அவள் திரும்பி வந்துவிடுவாள்.

வேப்பம்பட்டில் ஒருவர் வீட்டு மாடியிலேயே ஹை-ஃபை கடை வைத்திருந்தார். மனைவியையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அவர் இரண்டு டிரான்ஸ்போர்ட்களை எடுத்து வைத்தார். முதலாவதில் என் சி.டி.யைப் போட்டார். ஜால்ரா இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒயரை மாற்றச் சொன்னேன். அப்போதும் இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இன்னா சார் இது, ரெண்டும் டப்பா. இதுக்கு எங்கூட்டுப் பழைய பிளேயரே தேவல” என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“இன்னொரு தபா போடட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு ஓடியது. கோரஸ் வந்ததும் அவருடைய கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. தற்செயலாகப் பக்கத்தில் திரும்பினேன். மனைவியின் ஆள்காட்டி விரல் சேலை மடிப்பின் மேல் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் கால் விழும்போதெல்லாம் அவள் விரலும் விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இடையில் ஓர் அடி தள்ளி வந்தது. இருவருமே அதற்காகக் காத்திருந்து, சேர்ந்து தட்டினார்கள்.

எனக்கு அந்த இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இரும்பு உருட்டும் ரோலிங் மில் இரைச்சலில் இயர் பிளக்கைக் காதில் வைக்காமல் கழுத்தில் தொங்கவிட்டபடி வேலை பார்ப்பவர்கள் நாங்கள். வேலை முடிந்தும் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். எங்கள் தெருவே அப்படித்தான். யாருக்குக் காது போயிற்று என்று அங்கே எப்படித் தெரியும்?

“எப்பத்துலருந்து உனக்குத் தெரியும்?” என்றேன்.

“வாஷிங் மெஷின் முடிஞ்சி பீப்பீன்னு கத்திக்கினே கெடக்கும். நீங்க பக்கத்துலயே குந்திக்கினு பேப்பர் படிப்பீங்க. அப்பத்துலருந்து.”

“சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா அந்தப் பொட்டியத் தொடுவீங்களா அப்புறம்?”

கல்யாணமான புதிதில் அவள் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. வர வரக் கத்த ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் வாழ வந்தவளுக்கு இந்தத் தெருவின் வாய் வந்துவிட்டது என்று மச்சானிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவள் கத்தியது கோபத்தில் என்று நினைத்துப் பதிலுக்கு நானும் கத்தியிருக்கிறேன். அத்தனையும் எனக்குக் கேட்கட்டும் என்று கத்தியது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

நான் எழுந்து சி.டி.யை உறையில் போட்டேன். “வா, போலாம். இனிமே இது இன்னாத்துக்கு?”

அவள் எழவில்லை. பேச்செடுத்த நாளிலிருந்து டிரான்ஸ்போர்ட் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றவள், என் கையிலிருந்து சி.டி.யை வாங்கி மறுபடியும் முதல் பெட்டியின் மேல் வைத்தாள்.

“ரெண்டாவதுல ஜால்ரா கொஞ்சம் ஓட்ட டப்பா மாரி கேக்குது. இதுல சுத்தமா கீது. இதையே எடுங்க” என்றாள்.

“எனக்குத்தான் கேக்கலியே.”

“எனக்குக் கேக்குது இல்ல?” என்று கத்தினாள், எனக்குக் கேட்கும்படி.