டெனர் கிட்டாரில் ஒரு ச-ப-ச-ப

பொந்தியானிலிருந்து ஒரு இளம்பெண் இன்று என் டெனர் கிட்டாரை வாங்க வந்தார். நாலே கம்பி உள்ள சின்னக் கிட்டார். ஆசையாய் வாங்கியதும் நான்தான், இங்கே இணையத்தில் விற்கப் போட்டதும் நான்தான்.

புத்தகத்தில் உள்ளபடி சி, ஜி, டி, ஏ என்று சுருதி சேர்த்து மூன்று மாதம் முயன்றேன். ஒரு பஜனைப் பாட்டுக்குக்கூட விரல் வளையவில்லை.

“அங்கிள், நான் கோயில்ல வயலின் வாசிக்கிறேன். கொஞ்சம் மாத்திப் பாக்கட்டா?” என்று கேட்டுக்கொண்டே கம்பியின் திருகைப் பிடித்தார்.

“அலமாக்! கம்பி அறுந்துடும்மா!”

“லூஸ்தான் பண்றேன், அறாது லா.”

டி கம்பி சி-க்கு இறங்கியது, ஏ கம்பி ஜி-க்கு. மீட்டிப் பார்த்தால் சி-ஜி-சி-ஜி, அதாவது ச-ப-ச-ப! நம் கர்நாடக வயலின் சுருதி.

அவர் கையிலிருந்து வாங்கி வாசித்தேன். அதே பஜனைப் பாட்டு தடுமாறாமல் வந்தது. அப்பாடா, கோளாறு என் விரலில் இல்லை!

அவர் சிரித்தார். “நீங்க இத விக்கப் போறதில்லதானே அங்கிள்?”

அத்தனை தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. வீட்டில் சுட்ட வடையைக் கட்டிக் கொடுத்தேன்.

‘இன்னும் இருக்கா?’ என்று இன்பாக்ஸில் கேட்கும் நண்பர்களே, இருக்கிறது. எனக்கே இன்றைக்குத்தான் கிடைத்தது.