பத்து நாள் ஒரே பக்கம்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் தோற்று, மறுதேர்வுக்குப் படிக்கக் காஜா பெராங் ஊரிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். இதிலும் தோற்றால் வெளியேற்றிவிடுவார்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்தாலே மெர்டேக்கா என்னும் விடுதலைக் கூட்டம் நினைவுக்கு வரும், அங்கே பேசச் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

பத்தாம் நாள் தங்கை கமலா புத்தகத்தை என் முன்னால் பொத்தென்று போட்டாள்.

"பத்து நாளா அதே பக்கந்தாண்ணே! தூசி தட்டித் தட்டி நானே படிச்சிட்டேன். சொல்லட்டுமா?"

தப்பில்லாமல் சொன்னாள்.

"உன்னைப் படிக்க வைக்கத்தானே என்னை ஸ்கூல்லேர்ந்து நிறுத்துனாங்க? மேடையில விடுதலைன்னு கத்துறியே, வெக்கமா இல்ல?"

அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய அன்று வாய் திறக்காத என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த ஆத்திரத்திலேயே படித்துத் தேறினேன். இப்போது விடுமுறைதோறும் ஒரே மேசையில் இருவரும் படிக்கிறோம். அவள் தனித்தேர்வு எழுதப்போகிறாள். அப்பா முறைக்கிறார். முறைக்கட்டும்!