இரவல் சட்டையில் ஒரு ட்ரை

ஆடி மாத வெயிலில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கழுத்து அரிக்கும். கழற்றவும் முடியாது. போர்த்தியவர்கள் எதிரிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். போன கோடையில், மொன்றியலின் லாசால் பூங்காவில் நடந்த தமிழர் விளையாட்டு விழாவில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைய பிரதம விருந்தினர் நான்.

ஏன் நான் என்று கேட்பீர்கள். என் மனைவியின் தம்பி றெஜி விழாக் குழுவில் இருக்கிறான். அவன் சொல்லிக் கொடுத்ததை அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் முழங்கினார்: “இங்கிலாந்து நாட்டின் முன்னாள் றக்பி வீரர்!” அந்த வசனத்தில் உண்மையாக இருந்த ஒரே சொல் ‘முன்னாள்’. நான் றெஜியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“என்னடா இது? நான் எப்ப இங்கிலாந்துக்கு விளையாடினனான்?”

“அத்தான், இங்கிலாந்திலை விளையாடினனீங்கள்தானே? ஒரு எழுத்து ரெண்டு எழுத்து வித்தியாசம். சும்மா இருங்கோ.”

சும்மா இருந்தேன். எனக்கு நன்றாகக் கைவந்த வேலை அது. அப்போது முதலுதவி மேசைப் பக்கமிருந்து ஒரு மணம் வந்தது. கயிறிழுத்துத் தோளைப் பிடித்துக்கொண்ட ஒருவருக்கு யாரோ நோவுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும் அந்தக் காரமான மணத்தோடு, மிதிபட்ட ஈரப் புல்லின் மணமும் கலந்தது. அவ்வளவுதான். பிரதம விருந்தினர் நாற்காலியில் என் உடம்பு மட்டும் இருந்தது. நான் இங்கிலாந்தின் வடக்கே, தகரக் கூரை போட்ட ஓர் உடைமாற்றும் அறைக்குள் நின்றேன்.

அந்த ஊரில் நான் பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஒருவனிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. கேட்டவர் கெவின் ஒருவர்தான். சுவர் பூசும் தொழிலாளி. கண் இமையில்கூடச் சாந்துப் பொடி இருக்கும். ஒருநாள் டீசல் அடித்துவிட்டு வந்து எந்த நாடு என்று விசாரித்தார். சொன்னேன். “அங்கை றக்பி விளையாடுறவங்களாமே, நீ விளையாடியிருக்கிறியா?” என்றார். அவர் பேசியது அந்த ஊர் ஆங்கிலம், ஆனால் என் ஞாபகத்தில் அவர் இப்போது நம் பாஷையில்தான் கதைக்கிறார். அப்பாவின் அரசாங்க வேலை மாற்றத்தால் நான் படித்தது கண்டியில், ஒரு விடுதிப் பள்ளியில். அங்கே மூன்றாவது அணிக்குத் தண்ணீர்ப் போத்தல் காவியிருக்கிறேன். இரண்டு தடவை களத்திலும் இறங்கியிருக்கிறேன். “ஓம்” என்று தலையாட்டினேன்.

“சனிக்கிழமை உனக்கு வேலை இல்லைத்தானே?”

இப்படித்தான் கெவின் தலைவராக இருந்த கழகத்தில் சேர்ந்து, அது ஆடிய லீக்குக்குள் போனேன். அதன் வரலாற்றை யாரும் எழுதப்போவதில்லை. ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அங்கே கழகங்கள் தமக்குப் பிடித்தவர்களோடு பிடித்த நாளில் விளையாடிவிட்டுப் போயினவாம். பிறகு நாடு முழுவதற்கும் ஓர் ஏணி செய்தார்கள். வென்றால் மேல்படி, தோற்றால் கீழ்ப்படி. எங்கள் லீக், அந்த வட்டாரத்தில் ஏணியின் கால் மண்ணில் ஊன்றியிருக்கும் இடம். அதற்குக் கீழே விழ இடமில்லை. ஓர் அணியில் சுரங்கம் மூடப்பட்டு வேலையிழந்தவர்கள், இன்னொன்றில் ஆஸ்பத்திரி ஊழியர்கள், மற்றொன்றில் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள். ஒரு கழகத்தின் மைதானத்தில் செம்மறிகளைத் துரத்திவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். இன்னொன்று அவ்வளவு சரிவு. பந்தைக் கீழே வைத்தால் அது தானாகவே எதிரணியிடம் போய்விடும்.

அந்த லீக்கில் கடைசி அணி நாங்கள். ஒவ்வொரு ஆண்டும் கடைசி. தோல்வியைக்கூடத் தாங்கலாம். ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் இரண்டு வரிசையாக நின்று, தோற்றவர்கள் நடுவால் நடந்து போகும்போது கைதட்டுவார்கள். அது அங்கத்தைய மரியாதை. முகத்தில் சேறும், மூக்கில் இரத்தமும், பெரிய தோல்வியுமாக அந்தக் கைதட்டலுக்குள்ளால் நடக்கும்போது எனக்கு நிலம் பிளக்காதா என்றிருக்கும். கெவின் மட்டும் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டு, கலியாண வீட்டு மாப்பிள்ளை போல நடப்பார்.

நான் ஓரத்தில் ஓடும் ஆள். பந்து என்னிடம் வராமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்தால் அடுத்த கணமே யாரிடமாவது எறிந்துவிடுவேன். பந்தைக் கொண்டுபோய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அழுத்தி வைப்பதற்கு ட்ரை என்று பெயர். அதற்கு ஐந்து புள்ளி. இரண்டு பருவங்களில் நான் அந்தக் கோட்டை நெருங்கியதே இல்லை.

இரண்டாவது பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. எங்களுக்குச் சற்று மேலே இருந்த, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியோடு. அதில் வென்றால் நாங்கள் கடைசி இல்லை. கெவினுக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. அதோடு நிறுத்தும்படி வைத்தியர் சொல்லிவிட்டார். தன் கடைசி ஆட்டத்தில் கழகத்தை ஒரு படி ஏற்றிவிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பதினைந்து பேரைச் சேர்க்க, அவர் வெள்ளிக்கிழமை ஊரிலுள்ள மதுக்கடை எல்லாம் ஏறி இறங்கியதாகச் சொன்னார்கள்.

நாங்கள் பதினைந்து பேர் வந்துவிட்டோம். எதிரணியில் வந்தவர்கள் பதினொரு பேர். சட்டப்படி ஆடாமலே வெற்றி எங்களுக்கு. எங்கள் அணியில் ஆடிய பேக்கரிக்காரர் ஒருவர் கைதட்டவே தொடங்கிவிட்டார். கெவின் அவரைப் பார்த்துக் கையைத் தாழ்த்தச் சொன்னார். “இவ்வளவு தூரம் வந்தவங்களை விளையாடாமல் அனுப்பேலாது. எங்களிலை ரெண்டு பேரைக் குடுப்பம். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர்.” நடுவர் காதில் விழாதவர் போல முகில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுப்பதென்றால் யாரைக் கொடுப்பார்கள்? கிழட்டுக் கணக்கு வாத்தியார் ஒருவரையும் என்னையும்.

அவர்களுடைய பச்சைச் சட்டை எனக்கு முழங்கால் வரை வந்தது. ஆட்டம் முடியும் தறுவாய். எங்கள் அணி, அதாவது என் உண்மையான அணி, மூன்று புள்ளி முன்னால். அப்போது யாரோ எறிந்த பந்து சேற்றில் தெறித்து என் நெஞ்சில் வந்து விழுந்தது. எறிவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. பின்னால் ஒரு பெரிய உருவம் உறுமிக்கொண்டு வந்தது. நான் பயத்தில் ஓடினேன். நம்புங்கள், பயம் மட்டும்தான். எதிரே கெவின் ஒருவர்தான் நின்றார். தோள் நோவால் அவர் வலப்பக்கம் விழமாட்டார் என்பது அவருடைய அணிக்காரனான எனக்குத் தெரியும். என் கால்களுக்கும் அது தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தால் போய், மைதானத்தின் மூலையில், கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தேன்.

யாரும் கத்தவில்லை. பச்சைச் சட்டைக்காரர்களுக்கு என் பெயர் தெரியாது. என் ஆட்களுக்கு எந்தப் பக்கம் சேர்ந்து கத்துவதென்று தெரியாது. எழுந்து திரும்பிப் பார்த்தேன். கெவின் சேற்றில் முழங்காலில் இருந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருடைய முகம் பொருளைப் பறிகொடுத்தவனின் முகமாக இருந்தது. இத்தனை வருடங்களில் நான் மறக்க முயன்றது அந்தக் கணத்தைத்தான். பிறகு அவர் எழுந்து நொண்டிக்கொண்டு வந்தார்.

“இப்பிடி ஓடுவாயெண்டு எங்களுக்கு ஏன் ஒருநாளும் காட்டேல்லை?”

நாங்கள் தோற்றோம். மறுபடியும் கடைசி. இரண்டு அணியும் வரிசையாக நின்று கைதட்ட, நான் நடுவால் நடந்தேன். உடைமாற்றும் அறையில் அந்தப் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கழற்றிக் குளிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கெவின் ஒரு பெரிய பியர்க் கிளாசோடு வந்தார். தன் முதல் ட்ரையை வைத்தவன் அதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் வழக்கம்.

“உங்களுடைய கடைசி ஆட்டம்” என்றேன். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

“ஓம். நல்ல ஆட்டம். குடி.”

பாதிதான் இறங்கியது. மிச்சம் மூக்கால் வந்தது. அவர் தன் துவாயை எறிந்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமைகளில் நான் கழகப் பக்கம் போகவில்லை. தெருவில் அவருடைய வான் வண்டியைக் கண்டால் ஒதுங்கினேன். பெற்றோல் நிலையத்தில் என் நேரத்தையும் மாற்றிக்கொண்டேன். கொஞ்ச நாளில் மொன்றியலில் இருந்து கலியாணம் பொருந்தி வந்தது. அவரிடம் சொல்லாமலே கனடாவுக்கு வந்துவிட்டேன்.

“இப்போது பிரதம விருந்தினர் பேசுவார்!”

ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் இங்கிலாந்துக்கு ஆடவில்லை, ஆடியது கடைசி லீக்கின் கடைசி அணிக்கு, வாழ்நாளில் வைத்தது ஒரே ஒரு ட்ரை, அதுவும் என் சொந்த அணிக்கு எதிராக என்று உள்ளபடியே சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பறித்து, “பாருங்கோ, எவ்வளவு தன்னடக்கம்!” என்றார். எழும்பி நின்று கைதட்டினார்கள். எனக்குப் பின்கழுத்து எரிந்தது.

திரும்பும்போது றெஜிதான் காரை ஓட்டினான். நாங்கள் இரண்டு வீட்டுக்காரரும் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருக்கிறோம். பாலத்தில் வாகனங்கள் அசையவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

“அத்தான், அது உண்மையோ?”

“ஓம்.”

முன்னால் நின்ற வாகனம் சற்று நகர, அவனும் காரை உருட்டி நிறுத்தினான். பிறகு சொன்னான்: “நான் இங்கை வந்த புதுசிலை ஒரு ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினனான். அங்கை ஒரு சமையல்காரன். ஒவ்வொரு நாளும் என்ரை தலையிலை ஈரத்துணியாலை அடிப்பான். அக்காவுக்கு உங்களைப் பேசின நேரம் ஒருநாள், என்ரை அத்தான் இங்கிலாந்திலை றக்பி விளையாடுறவர், வந்தால் உன்னை முறிச்சுப்போடுவார் எண்டு தெரிஞ்ச பிரெஞ்சிலை சொன்னன். அதுக்குப் பிறகு அவன் அடிக்கேல்லை. நீங்கள் வந்து இறங்கேக்கை ஏயாப்போட்டிலை பார்த்தன். இவ்வளவு மெல்லிசா ஒரு மனிசன்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கதையை அவன் ஏன் எங்கும் சொல்லித் திரிந்தான் என்று இத்தனை காலம் ஒருமுறைகூட அவனிடம் கேட்டதில்லை. அலட்டுகிறான் என்று மனைவியிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

“கெவினோடை பேந்து கதைச்சனீங்களோ?” என்று கேட்டான்.

“இல்லை.”

“தேடிப் பாருங்கோவன், அத்தான்.”

மறுநாள் காலை கணினியின் முன்னால் இருந்தேன். கெவினைப் பற்றி எதுவும் அகப்படவில்லை. அவரைப் போன்றவர்களை இணையம் சேர்த்து வைப்பதில்லை. அந்த லீக்கும் இப்போது இல்லை. அணிகளுக்கு ஆள் சேராமல் ஒவ்வொன்றாக விலக, மிஞ்சியவற்றைப் பக்கத்து லீக்கோடு சேர்த்துவிட்டு அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். எங்கள் கழகமும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பச்சைச் சட்டைக் கழகமும் முதலில் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கின்றன. இரண்டு ஊரின் பெயரையும் இணைத்து ஒரு பெயர் வைத்து, சில காலம் ஒரே சட்டையில் ஆடியிருக்கிறார்கள். பிறகு அதுவும் இல்லை.

வானிலிருந்து எடுத்த படத்தில் மைதானத்தைத் தேடினேன். பாதையின் வளைவை வைத்துக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்த சிவப்புக் கூரை வீடுகள், வேலி வேலியாகப் பின்வளவுகள். நான் விழுந்த மூலை எதுவாக இருக்கும் என்று படத்தைப் பெரிதாக்கினேன். யாரோ ஒருவருடைய வளவில் குழந்தைகள் குதிக்கும் வட்ட வலை ஒன்று கறுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. நான் தாண்டிய கோடு எதன் வழியாகப் போனதென்று சொல்ல முடியவில்லை.