நான் சொன்ன நல்ல வார்த்தை

சிராங்கூன் ரோட்டில் குடியிருந்தபோது கர்ப்பிணிகளுக்கான அரசாங்கக் கிளினிக்குக்குப் போவேன். நம்பர் கொடுக்கும் தாதி எல்லோரையும் விரட்டுவாள். ஒருநாள் மேலதிகாரி ஒருவர் நோட்டுடன் வந்து, "இங்க எப்படிக் கவனிக்கிறாங்க? பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார். தாதி பக்கத்திலேயே நின்றாள்.

"நல்லா கவனிக்கிறாங்க சார்" என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுமாதம் அடுத்த வீட்டு மேரிக்கு வலி கண்டது. "நம்பர் முடிஞ்சுபோச்சு, நாளைக்கு வா" என்று அதே தாதி திருப்பி அனுப்பினாள். ரிக்‌ஷாவிலேயே பிள்ளை இறந்து பிறந்தது.

மேரியின் கணவர் புகார் கொடுக்கப் போனபோது, அதிகாரி அந்த நோட்டைக் காட்டி அனுப்பிவிட்டார்.

"எல்லாரும் அவள நல்லவள்னு சொல்லியிருக்காங்களாம். யாரு அக்கா அப்படிச் சொன்னது?" என்று மேரி என்னிடம் கேட்டாள்.

இப்போதெல்லாம் யார் பக்கத்தில் நின்றாலும் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மேரியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.