வெள்ளைக் கோடும் வேன் லைசென்ஸும்

ஷேர் ஆட்டோவில் டிரைவர் நடுவில் உட்கார வேண்டும். முன் சக்கரம் நம் காலுக்கு நேர் கீழே. திருவேற்காடு, பூந்தமல்லி ரூட்டில் பல வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தேன். ரோட்டில் வெள்ளைக் கோடு வந்தால் சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிடுவேன். பெயிண்ட் வழவழவென்று இருக்கும், குலுங்காது. இந்தப் பக்கம் ஆள் கை காட்டினாலும் பாயலாம். அந்தப் பக்கம் சந்து கிடைத்தாலும் பாயலாம். எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். கோடு எதற்குப் போடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் கோடு போடுகிறவர் என் வீட்டுக்காரர். ஒரு காண்டிராக்டரிடம் வேலை. பெயிண்டை பாய்லரில் காய்ச்சி, தள்ளுவண்டி மாதிரி ஒரு மெஷினில் ஊற்றி, ரோட்டில் தள்ளிக்கொண்டே போவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேண்டெல்லாம் வெள்ளைப் பொட்டு.

"நான் போட்டுகினே போறேன். நீ பின்னாலயே வந்து அழிச்சிகினு கீறே," என்பார்.

"அழிஞ்சாதான உனக்கு வேலை," என்பேன்.

எங்கள் வீட்டில் கோட்டைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

நான் ஓட்டிய ஆட்டோ வாடகை ஆட்டோ. அதன் ஓனர் ஒருநாள் வந்து, மச்சானுக்குக் கொடுக்கப் போகிறேன், அடுத்த மாசக் கடைசியில் சாவி வேண்டும் என்றார். அவர் வண்டி, அவர் மச்சான். சரி என்றேன். ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு ஸ்கூலில் வேன் ஓட்டப் பெண் டிரைவர் தேடுகிறார்கள் என்று என் ஆட்டோவில் வரும் ஒரு ஆயாம்மா சொன்னார். போய்ப் பார்த்தேன். அங்கே இருந்த மேனேஜர், ஆட்டோ லைசென்ஸ் செல்லாது, கார் வேன் ஓட்டுகிற லைசென்ஸ் வேண்டும், ஸ்கூல் திறப்பதற்குள் கொண்டு வந்தால் வேலை உங்களுக்கு என்றார். திறந்த பிறகு வந்தால் வேறு ஆள் இருப்பார் என்றும் சொன்னார்.

லைசென்ஸ் வந்தால் வேன். வராவிட்டால் எனக்கு ஓட்ட வண்டி கிடையாது. எனக்கு வேறு வேலை தெரியாது.

பூந்தமல்லியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கியர், கிளச் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. மாஸ்டர் என்னைவிடச் சின்னவர். "யக்கா, நீ பாஸ்தான்," என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். நானும் நம்பிவிட்டேன்.

டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெரிய ரோட்டில் ஏறினேன். வண்டி நன்றாகத்தான் போனது. எனக்குப் பயமே இல்லை. கொஞ்ச தூரத்தில் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்.

"ரெண்டு லேனையும் நீங்களே எடுத்துக்கிட்டா மத்தவங்க எங்கம்மா போவாங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கோடு காருக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

காரில் டிரைவர் வலது ஓரமாக உட்காருகிறார். என் உடம்பு அதைக் கேட்கவில்லை. அது பழைய பழக்கத்தில் கோட்டுக்கு நேர் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. நான் கோட்டின் மேல் இருந்தால் காரும் கோட்டின் மேல்தானே இருக்கும். ஃபெயில்.

ஸ்டாண்டுக்கு நான் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது.

"இன்னாக்கா, கார்ல போயி ஆட்டோ ஓட்டிட்டு வந்தியாமே?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். சவாரி ஏற்றிக்கொண்டு போனேன்.

அன்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். கோடு என்ன சொல்கிறது என்று. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது, போடத்தான் தெரியும் என்றார். போடுவதையே சொல்லு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி ரோட்டுக்குப் போனோம். அவர்கள் புதிதாகக் கோடு போட்டிருந்த ரோடு. ஆட்டோ இன்னும் என்னிடம்தான் இருந்தது. அவர் பின் சீட்டில் சவாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு, முதலில் காசு எவ்வளவு என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு வா என்றேன்.

நேர் ரோட்டில் கோடு விட்டு விட்டு இருந்தது.

"எதுர்ல வர்ற வண்டி தூரத்துலயே தெரியுதா? அதான் வுட்டு வுட்டுப் போட்டுகீறோம். ஆள் வரலன்னா தாண்டிப் போயி, முன்னால போறவன முந்திட்டு உன் பக்கம் வந்துடலாம்."

கொஞ்ச தூரத்தில் வளைவு வந்தது. அங்கே கோடு இடைவெளி இல்லாமல் சேர்ந்து ஓடியது.

"இங்க எதுர்ல இன்னா வருதுன்னு தெரியாது. அதான் சேத்துட்டோம். பாலம் வந்தாலும் சேத்துடுவோம், மேடு வந்தாலும் சேத்துடுவோம். தாண்டக் கூடாது."

ஓரிடத்தில் இரண்டு கோடு பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. ஒன்று சேர்ந்த கோடு, ஒன்று விட்டு விட்டுப் போட்ட கோடு. நம் பக்கம் இருப்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்றார். நம் பக்கம் விட்டிருந்தால் நாம் தாண்டலாம். எதிரில் வருகிறவனுக்கு அவன் பக்கம் சேர்ந்திருக்கிறது, அவன் தாண்டக் கூடாது. ரெண்டுமே சேர்ந்திருந்தால் ரெண்டு பேரும் அவரவர் பக்கம் கம்மென்று போக வேண்டியதுதான்.

எங்கள் ரூட்டில் அதே கோட்டின் மேல்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். அது நம் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் இடித்தது. சேர்ந்த கோட்டில் முன்னால் ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டால் என்ன செய்வது, சாயங்காலம் வரை பின்னாலேயே நிற்பதா என்று கேட்டேன். அவர் யோசித்தார். வேலை நடக்கும்போது பாய்லர் வண்டி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது கொடி காட்டி, வண்டிகளைச் சேர்ந்த கோட்டைத் தாண்டித்தான் அனுப்புவார்களாம். அவர்கள் சூப்பர்வைசர் சொல்வாராம், நிற்கிறதைச் சுற்றிப் போகலாம், போகிறதை முந்தக் கூடாது என்று. அதுவும் நின்று, பார்த்து, எதிரில் வருகிறவனுக்கு வழி விட்டு.

அதை மனசில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆட்டோவிலேயே பழகினேன். கோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி ஓட்டினேன். பள்ளமெல்லாம் முதுகில் ஏறியது. சவாரிகள் திட்டினார்கள். மாஸ்டரின் காரில், கோடு என் வலது தோளுக்கு வெளியே ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சிக்னல் கோடு வந்தால் அதற்கு முன்னாலேயே நிறுத்தினேன். மாசக் கடைசியில் ஆட்டோ சாவியைக் கொடுத்துவிட்டேன். ஸ்கூல் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் மறுபடி டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள்.

அதே இன்ஸ்பெக்டர். மாஸ்டர் பின் சீட்டில். இந்தத் தடவை பெரிய ரோடு இல்லை, போக ஒரு வழி வர ஒரு வழி இருக்கிற ரோடு. கோடு என் தோளுக்கு வெளியே ஓடியது.

ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் லாரி ஒன்று நம் பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. கோடு சேர்ந்த கோடு. நான் பிரேக் போட்டேன். பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் இருமினார். தாண்டாதே என்று அந்த இருமலுக்கு அர்த்தம். சேர்ந்த கோட்டை எப்போதும் தாண்டக் கூடாது என்றுதான் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

லாரியைப் பார்த்தேன். பின்னால் ரோட்டில் வேப்பங்கிளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு கல். டிராஃபிக்கில் நிற்கிற லாரிக்கு யாரும் கிளை போட மாட்டார்கள். இது பழுதான வண்டி. இன்றைக்கு நகராது.

இண்டிகேட்டர் போட்டேன். எதிர்ப்பக்கம் தெரிகிற அளவுக்கு மட்டும் மூக்கை வெளியே விட்டேன். லாரி கிளீனர் வா வா என்று கை காட்டினான். அவன் கையை நான் நம்பவில்லை. காத்திருந்தேன். வளைவிலிருந்து ஒரு பஸ் வந்தது. போகவிட்டேன். அதன் பின்னால் வந்த பைக்கையும் விட்டேன். அப்புறம் காலியாக இருந்தது. கோட்டைத் தாண்டினேன். லாரியைச் சுற்றி, உடனே என் பக்கம் வந்தேன்.

மாஸ்டர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

வளைவில் ஒரு செங்கல் டிராக்டர் முன்னால் மாட்டியது. நடக்கிறவன் அதை முந்திவிடுவான். கோடு இன்னும் சேர்ந்தேதான் இருந்தது. நான் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு பைக்காரன் என்னைச் சுற்றிக்கொண்டு போகும்போது ஏதோ திட்டினான். இரண்டாவது கியரிலேயே போனேன். அவசரமில்லை. வளைவு முடிந்தது. கோடு மறுபடி விட்டு விட்டு வந்தது. ரோடு தூரம் வரை காலி. இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன். ஒரே மூச்சில் டிராக்டரைத் தாண்டி என் பக்கம் வந்தேன். செங்கல் தூசி எல்லாம் பின்னால் போய்விட்டது. என் முன்னால் ரோடு மட்டும் இருந்தது.

நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"லாரிக்குத் தாண்டினீங்க. டிராக்டருக்கு ஏன் உடனே தாண்டல?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"லாரி நின்னுகினு இருந்துச்சு சார். டிராக்டர் போய்கினு இருந்துச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது. வாய் ஓரம் கொஞ்சம் நகர்ந்தது.

"போங்க. பாஸ்," என்றார்.

மாஸ்டர் பின் சீட்டிலிருந்து என் தோளில் தட்டினார். நான் வண்டியைத் திருப்பி ஆபீசுக்கு ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. நன்றாகத்தான் ஓட்டியிருப்பேன்.

முதலில் ஸ்கூல் மேனேஜருக்குச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் வந்து வேன் சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அம்பத்தூரில் வேலையில் இருந்தார். பாய்லர் இரைச்சலில் அவருக்குக் காது கேட்கவில்லை. இன்னா, இன்னா என்றார். நான் சாதாரணமாகக் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கு ஆபீஸ் வாசலில், அத்தனை பேர் நடுவில், பாஸ் என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் இரைச்சல் மட்டும். அப்புறம் அவர் தன் ஆட்களைப் பார்த்து, "டேய், மெஷின நிறுத்துங்கடா. என் பொண்டாட்டி பாஸ்," என்று சொன்னது கேட்டது. மெஷின் நின்றது. விசில் கிளம்பியது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் அடித்து முடிக்கும் வரை கேட்டேன்.