உப்புத் தொட்டியில் மூழ்கிய டிபன் பாக்ஸ்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார். அந்த ஆயுத பூஜைக்கு அப்புறம் அவர் அப்படிச் சொல்வதில்லை.

பொம்மசந்திராவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். சிவாஜிநகர் பக்கத்துக் குஜிரிக் கடைகளில், அதாவது பழைய சாமான் கடைகளில், பழைய டிவியையும் கம்ப்யூட்டரையும் உடைத்து, செம்பையும் போர்டையும் எடுத்துக்கொண்டு, வெறும் பிளாஸ்டிக் கூடுகளை மூட்டை மூட்டையாக எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை அரைத்து, உருக்கி, அரிசி அளவு மணிகளாக வெட்டுவோம். தானா என்று அதற்குப் பெயர். அதை வாங்குகிறவர்கள் வேறு சாமானாக வார்த்துக்கொள்வார்கள்.

உருக்குவதற்கு முன்னால் அரைத்ததை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவோம். மிதப்பது ஒரு பக்கம், மூழ்குவது ஒரு பக்கம். தீப்பிடிக்காமலிருக்க மருந்து கலந்த பிளாஸ்டிக் கனமானது, அடியில் போய்விடும். டிவி முதுகெல்லாம் பெரும்பாலும் அந்த ரகம். சூடேறினால் அதிலிருந்து வரும் நாற்றம் தலைக்குக் குளித்தாலும் போகாது. அந்த மருந்து உடம்புக்குள் போகவே கூடாதென்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லியிருந்தார்கள். அதனால் மூழ்கியதைத் தனியாகக் கட்டி, அதற்கென்று வரும் வண்டியில் ஏற்றிவிடுவோம்.

பிறகு ஓனர் புது உருக்கு மிஷின் வாங்கினார். பல ரகப் பிளாஸ்டிக்கைச் சும்மா சேர்த்து உருக்கினால் ஒட்டாது, ஆறியதும் ஏடு ஏடாக உரியும். ஒரு வெள்ளைப் பவுடரைச் சேர்த்து இந்த மிஷினில் விட்டால் எல்லாம் கலந்துவிடும் என்றார். கலந்தது. கறுப்பாக, பளபளவென்று, வளைத்தாலும் ஒடியாத தானா வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அடங்குவதற்குள் மூழ்கியதையும் அதே மிஷினில் கொட்டச் சொல்லிவிட்டார். தொட்டியைப் பலகை போட்டு மூடினார்கள்.

"இந்தச் சரக்கு எங்க சார் போகுது?" என்று கேட்டேன்.

"சுவிட்ச் பாக்ஸ், ஃபேன் ரெகுலேட்டர், அந்த மாதிரிதாம்மா."

கரண்ட் சாமானுக்கு அந்த மருந்து இருந்தால் நல்லதுதானே என்று மிஷினை ஓட்டினோம்.

ஆயுத பூஜை அன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலமும் கறுப்பு டிபன் பாக்ஸும் கொடுத்தார் ஓனர். சரக்கு வாங்கும் பார்ட்டி அன்பாக அனுப்பியதாம். என் மகளுக்கு அந்தப் பாக்ஸ் ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் எடுத்துப் போனாள்.

ஒரு நாள் அவசரத்தில், ஆறவிடாமல், கொதிக்கக் கொதிக்க சாம்பார் சாதத்தை அதில் போட்டு மூடினேன். நெய் விட மறந்துபோய்த் திரும்பத் திறந்தேன். சாம்பார் வாசனையோடு அந்த நாற்றமும் வந்தது. டிவி முதுகு நாற்றம். பாக்ஸின் கிளிப்பை உடைத்து, சொம்புத் தண்ணீரில் கல் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து அதில் போட்டேன். கிளிப் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. என் பெண் இத்தனை நாளாக இதில் சாப்பிட்டிருக்கிறாள். நாங்கள் குடியிருக்கும் பொம்மனஹள்ளித் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

என்னோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரிடமும் சொன்னேன். மறுநாள் அவரவர் பாக்ஸோடு வந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியின் பலகையைத் தள்ளிவிட்டு, பாக்ஸ்களை உடைத்து உப்புத் தண்ணீரில் போட்டோம். ஒரு துண்டுகூட மிதக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்தும் மிஷின் சத்தம் கேட்காததால் ஓனர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. பவுடர் போட்டு நல்லா பிளெண்ட் ஆன சரக்கு. உள்ள இருக்கிறது வெளிய வராது. இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெயிண்ட் பண்ணல."

"வராதுன்னா அந்த நாத்தம் எங்கேந்து சார் வந்துச்சு? சுவிட்ச் பாக்ஸுன்னுதான சொன்னீங்க?"

"பார்ட்டி என்ன செய்றாங்கன்னு நான் பின்னாடியே போய்ப் பார்க்க முடியுமா?"

கொடுத்த கையும் இவர் கை, சொல்லும் வாயும் இவர் வாய். அந்த நேரம் பார்த்து அவர் வீட்டிலிருந்து டிரைவர் சாப்பாடு கொண்டுவந்து அறை மேஜையில் வைக்க, அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்; நாங்களும் பின்னாலேயே போனோம். நான்கு அடுக்கு எவர்சில்வர் கேரியர். கிளிப் மட்டும் உடைந்திருந்த என் மகளின் பாக்ஸைத் திறந்து அவர் மேஜையில் வைத்தேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னா இதுல போட்டுச் சாப்பிடுங்க சார். சூடா இருக்கும்போதே போடுங்க."

அவர் பாக்ஸைத் தொடவில்லை. கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அதற்குப் பிறகு மிஷினைப் போடவில்லை. மூழ்குவது தனியே போகும்வரை போடமாட்டோம் என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லோரும் எதிரிலேயே நின்றோம்.