மூன்றாவது கியரைத் தாண்டாத வண்டி

சோபாக்காரருக்கு உலகத்தில் தெளிவாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பொருளையும் மெதுவாகப் புழங்கினால் நெடுநாள் உழைக்கும். காலமெல்லாம் சோபா தைத்தும், ஊர்க்காரர்களின் பழைய சோபாக்களுக்கு ஸ்பிரிங் மாற்றியும் அவர் கண்டடைந்த ஞானம் இது. வாங்கிப் போகிறவர்களிடம், "பொத்துனு விழாதீங்க, பூ மாதிரி உட்காருங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார். காசு கொடுத்து வாங்கிய சோபாவில் உட்காரவும் இவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று சிலர் முணுமுணுத்ததுண்டு. அவர் திருந்துகிற ஆள் இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் அவருக்குக் குழப்பம்தான். காலையில் கடை திறக்கும்போது எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதில் ஆரம்பிக்கும். முன்னறையில் அவர் மனைவி மெஷினில் உட்கார்ந்து உறை தைப்பார். பின்னறையில் மரச்சட்டங்களும் ஃபோம் தகடுகளுமாக இருக்கும் இடுக்கில் இவர் நின்று ரெக்சினை இழுத்து ஆணி அடிப்பார். ஆணிகளை வாயில் கவ்விக்கொள்வது அவர் பழக்கம். பதில் தெரியாத கேள்வி எதையாவது மனைவி கேட்டால், கை தானாக ஆணி டப்பாவுக்குப் போகும். வாய் நிறைய ஆணி இருக்கிற மனிதனிடம் யார் என்ன பேச முடியும்?

பதில் தெரியாத கேள்விகளில் பெரியது மகளைப் பற்றியது. ஒரே மகள். துணி வெட்டுவதில் அவளுக்கு நிகர் அவள்தான். சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவாள், அதன்மேல் கத்திரி ஓடும், ஒரு விரற்கடைத் துணிகூட வீணாகாது. அப்படிப்பட்டவள் ஒருநாள், ஃபோம் விற்க வந்துபோகும் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு கடற்கரை ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னாள். பையன்மேல் இவருக்குக் குறை ஒன்றுமில்லை. அவன் கொண்டுவந்த ஃபோமும் நல்ல ஃபோம்தான். ஆனாலும் எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ போனா என்ன, கடையில ஒரு கத்திரிக்கோல் குறையும். அவ்வளவுதானே" என்றார்.

சொன்ன மாத்திரத்திலேயே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? பிசகாக அடித்த ஆணியைக் குறடு வைத்துப் பிடுங்கிவிடலாம், சொன்ன சொல்லைப் பிடுங்கக் குறடு எங்கே விற்கிறது? கல்யாணத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டார். அதற்கப்புறம் அவளும் வரவில்லை, இவரும் போகவில்லை. தாயும் மகளும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். ஃபோன் வந்தால் மனைவி அடுப்படிப் பக்கம் போய்விடுவார், இவர் ஆணி டப்பாவைத் தேடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் வண்டி வாங்கும் பேச்சு எழுந்தது. வாடகை வண்டிக்காரர்கள் சோபாவைக் கல் மூட்டை மாதிரி தூக்கிப் போடுகிறார்கள், இறக்கும்போது ஏதாவது ஒரு மூலை கிழிந்திருக்கிறது. சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் இருந்தால் தேவலை என்று தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், ஆளாளுக்கு மூக்கை நுழைத்தார்கள். மனைவியின் தம்பி, "மாமா, முன்னாடி ஒரே சீட்டு இருக்கற வண்டியா பாருங்க, அப்பத்தான் சாமான் ஏத்தற பின்தட்டு நீளமா இருக்கும்" என்றான். பக்கத்து மெத்தைக் கடைக்காரர் டீசலே வேண்டாம் என்றார். மறுநாள் அவரே டீசலைத் தவிர வேறு எதையும் தொடாதே என்றார். புரோக்கர் பழைய வண்டி ஒவ்வொன்றையும் காட்டி, "இது டாக்டர் ஓட்டுன வண்டி" என்றான். இத்தனை டாக்டர்கள் பிக்கப் வைத்துக்கொண்டு எதைத்தான் ஏற்றினார்கள் என்று சோபாக்காரருக்கு விளங்கவே இல்லை.

மனைவி மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பின்சீட்டு இருக்கற வண்டிதான் வேணும்."

"பின்சீட்டுல யாரு உட்காரப் போறா? நாம ரெண்டு பேருதானே."

"போய்க் கூட்டிக்கிட்டு வர வேண்டியவங்க இருக்காங்க. வண்டி வந்ததும் முதல்ல அங்கதான் போறோம். சம்மதம்னா வாங்குங்க. இல்லைன்னா வாடகை வண்டியே போதும்."

சரி என்று தலையாட்டினார். பின்சீட்டோடு ஒரு சாம்பல் நிற பிக்கப் வாசலுக்கு வந்து நின்றது. பின்சீட்டு இடத்தை அடைத்துக்கொண்டதால் பின்தட்டு குட்டையாகிவிட்டது. மூன்று பேர் உட்காரும் சோபாவை ஏற்றினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்கதவைத் தாழ இறக்கி, கயிறு போட்டுக் கட்டி, முனையில் சிவப்புத் துணி தொங்கவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். சோபா செய்கிறவன் சோபா கொள்ளாத வண்டியை வாங்கியிருக்கிறான் என்று தெரு சிரித்தது. மச்சான் சிரிக்கக்கூட இல்லை, தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டான்.

வாங்கிய வண்டியைச் சோபாக்காரர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். சீட்டுக்கெல்லாம் புது உறை, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். தினமும் காலையில் ஆயில் அளவு பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து வடிப்பார். ஓட்டும்போது தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரிதான் ஓட்டுவார். மூன்றாவது கியருக்கு மேல் வண்டிக்கு இன்னும் கியர் உண்டு என்பதே தெருக்காரர்களுக்குச் சந்தேகமாகிவிட்டது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் முந்திப் போய்க் கையசைப்பார்கள். "இஞ்சினும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான், முடுக்க முடுக்கத் தேய்ஞ்சு போகும்" என்பார் இவர். மறுத்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.

எல்லாம் சரி, கடற்கரை ஊருக்கு எப்போது? முதலில், புது வண்டி பழகட்டும் என்றார். பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்றார். பிறகு, கல்யாண வீட்டுச் சோபா ஆர்டர் என்றார். இதெல்லாம் சாக்கு என்று மனைவிக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் எதற்காகச் சாக்குச் சொல்கிறோம் என்பதுதான் அவருக்கே பிடிபடவில்லை. மகளைப் பார்க்க ஆசை இல்லையா என்றால், ஆசை தொண்டைவரை இருந்தது. போய் வாசலில் நின்று என்ன சொல்வது? அந்த இடத்தில் வந்து எல்லாம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மனைவியும் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். அது இவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஒரு டப்பாவுக்குள் புள்ளிகள் போட்ட மாதிரி ஒரு படம். வண்டியும் முக்கியது. சின்ன மேட்டில்கூட ஏறமாட்டேன் என்று பெருமூச்சு விட்டது. சோபாக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சான் பேட்டரி என்றான், மாற்றியாயிற்று. ஆயில் கடைக்காரர் ஆயில் என்றார், அதையும் மாற்றியாயிற்று. மெத்தைக் கடைக்காரர், "நான்தான் டீசல் வேணாம்னு சொன்னேனே" என்று தன் பாதிச் சொல்லை மட்டும் ஞாபகப்படுத்தினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இவ்வளவு பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்ட வண்டி ஏன் இப்படிச் செய்கிறது? கண்டபடி ஓட்டுகிறவன் வண்டியெல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது? ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

கடைசியில் மெக்கானிக்கிடம் போனார். அந்த மெக்கானிக்குக்கு ஊரில் 'புயல்' என்று பெயர், அவ்வளவு நிதானம். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்து வந்தார். ஒரு சின்னக் கருவியை வண்டியில் சொருகிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார், பிறகு சோபாக்காரரைப் பார்த்தார்.

"வண்டிய எப்படி ஓட்டுவீங்க?"

"ரொம்ப மெதுவா. மூணாவது கியரத் தாண்டுனதே இல்ல" என்றார் சோபாக்காரர், பெருமையாக.

"ஊரை விட்டு வெளிய எடுத்துக்கிட்டுப் போயிருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்ல."

"அதான் வியாதி" என்றார் புயல். "டீசல் எரிஞ்சா கரி வரும்ல, அது வெளிய போகாம இருக்க சைலன்சர் குழாயில ஒரு ஃபில்டர் இருக்கு. கரிய அது பிடிச்சு வெச்சுக்கும். வண்டி நல்லா சூடேறி ஓடுனாத்தான் அந்தக் கரி எரிஞ்சு அடங்கும். நீங்க சூடேறவே விடல. மூச்சு விட முடியாம நிக்குது பாவம்."

"மெதுவா ஓட்டுனா வண்டி கெடுமா?"

"கெட்டுத்தானே நிக்குது? பெரிய ரோட்டுல ஏத்துங்க. எங்கயும் நிறுத்தாம வேகமா போங்க, விளக்கு அணையற வரைக்கும். இன்னும் இப்படியே வெச்சிருந்தா ஃபில்டரையே கழட்டி எறிய வேண்டியதுதான்."

சோபாக்காரர் திருதிருவென முழித்தார். காலமெல்லாம் நம்பி வந்த ஒரே ஒரு விஷயத்தை ஒரு மனிதர் பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டே பொய்யாக்கிவிட்டார். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும் பெரிய ரோடு ஒன்றுதான், அது போய்ச் சேருகிற இடமும் ஒன்றுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். விளக்கைப் பற்றியும் கரியைப் பற்றியும் மட்டும் சொன்னார், ரோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. மனைவி கேட்டுக்கொண்டார், மெஷினுக்கு உறை போட்டு மூடினார், உள்ளே போனார். வெளியூர் உடுப்பு உடுத்திக் கையில் பையோடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு? விளக்கு அணைஞ்சதும் திரும்பிடுவேன்."

"நானும் விளக்கு அணையறதப் பார்க்கணும்" என்றார் மனைவி.

பெரிய ரோட்டில் ஏறியதும் சோபாக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். லாரிகள் இருபுறமும் இரைந்து போயின. நாலாவது கியர் போட்டபோது தன் நெஞ்சே தடதடப்பதாக நினைத்தார். ஐந்தாவது போட்டபோது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, ஓட்டுகிறவன் அப்படிச் செய்யக் கூடாதே என்று அடக்கிக்கொண்டார். பிளாஸ்டிக் தாள் படபடத்தது. வண்டி முதலில் முக்கியது, இருமியது, பிறகு என்ன நினைத்ததோ, சீராக இரைய ஆரம்பித்தது. மேடு வந்தது. ஏறியதே தெரியவில்லை. இதே வண்டிதானா என்று அவருக்குச் சந்தேகம். பயத்துக்கு நடுவில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மனைவியிடம் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

வெகுதூரம் போன பிறகு மஞ்சள் விளக்கு சட்டென்று அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு" என்றார்.

"ஆமா" என்றார் மனைவி, ரோட்டைப் பார்த்தபடியே. "அடுத்தாப்ல திருப்பம் வருது. திருப்பிக்குங்க."

நிஜமாகச் சொல்கிறாரா, ஆழம் பார்க்கிறாரா? ஓரக்கண்ணால் மனைவியின் முகத்தைப் படிக்கப் பார்த்தார், ஒரு எழுத்தும் புரியவில்லை. திருப்பம் வந்தது. திருப்ப வேண்டும் என்றுதான் நினைத்தார். வாயில் ஆணி இல்லை, கையில் வேலை இல்லை, சொல்வதற்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. கை ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. திருப்பம் பின்னால் போய்விட்டது.

"ஏன் திருப்பல?"

"தெரியல" என்றார். அது சத்தியமான வார்த்தை. சற்றுக் கழித்து, "கரி இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சோபாக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை, கேட்கவும் பயம்.

கடற்கரை ஊருக்குள் நுழைந்ததும் மனைவிதான் வழி சொன்னார். தண்ணீர்த் தொட்டி தாண்டி இடது பக்கம், மருந்துக் கடைக்கு அடுத்த சந்து, பச்சை கேட். ஒரு தடவையும் வந்திராத ஊர். ஃபோனில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பச்சை கேட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினார். இறங்க முடியவில்லை. சொல்வதற்கென்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூடக் கையில் இல்லை.

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். சற்றுப் பூசினாற்போல் இருந்தாள், மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள்போல, முழங்கைவரை பஞ்சுத்தூள். அப்பாவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓட்டுநர் பக்க ஜன்னலுக்கு வந்தாள்.

"வண்டி ஒருவழியா சரியாயிடுச்சாப்பா?"

அவருக்குப் புரியவில்லை. விளக்கு எரிய ஆரம்பித்தே ஒரு வாரம்தானே ஆகிறது? "உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்களே. வாங்குன நாள்லருந்தே ரிப்பேராம். சரியான உடனே அப்பா வந்துடுவாரு, தினமும் அதோடதான் மல்லாடுறாருன்னு. ஃபோன் பண்றப்பல்லாம் வண்டி சரியாச்சான்னுதான் நானும் முதல்ல கேப்பேன்."

சோபாக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்து பையின் வாரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். அடுப்படிப் பக்கம் போய் இத்தனை மாதமாகப் பேசியது இதைத்தானா? இவர் சாக்குச் சொல்லிச் சொல்லித் தப்பித்த ஒவ்வொரு தடவையும், மனைவி அந்தப் பழியை எடுத்து வண்டியின்மேல் போட்டு, இவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கௌரவமாக இறங்கிவிடலாம். மனைவி அதற்குத்தான் வழி போட்டு வைத்திருந்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் சோபாக்காரர். "அது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் வரத் தெரியல."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பஞ்சுத்தூள் ஒட்டிய கையை ஜன்னலுக்குள் நீட்டி, ஸ்டியரிங்கை இன்னமும் இறுக்கிப் பிடித்திருந்த அவர் கையின்மேல் வைத்தாள்.

"இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்குப்பா. அணைச்சிட்டு இறங்குங்க."